சேலத்திலிருந்து மூர் மார்க்கெட்டுக்கு: நம் ஊரைப் பற்றிய பழைய புத்தகங்களைத் தேட ஒரு முழு வழிகாட்டி

கல்லூரிப் பாடநூல், டி.என்.பி.எஸ்.சி. கைடு, நீட் பயிற்சிப் புத்தகம் போன்றவை பாதி விலைக்கு வேண்டுமென்றால் சேலத்தை விட்டு எங்கும் போக வேண்டியதில்லை. ஆனால் சேலத்தைப் பற்றிய பழைய புத்தகம் வேண்டுமென்றால் சென்னைக்கு ரயில் ஏறுவதுதான் நல்லது. பெரிய பதிப்பகங்களும் அரசு அச்சுக்கூடமும் நூறு வருடங்களுக்கு மேலாக அங்கேதான் இருக்கின்றன. எல்லா மாவட்டங்களைப் பற்றிய நூல்களும் அங்கேதான் அச்சாகி, அங்குள்ள அலுவலகங்களிலும் வீட்டு அலமாரிகளிலும் தங்கின. அலமாரிக்கு உரியவர் காலமானதும் அவை எடைக்குப் போய், அங்கிருந்து மூர் மார்க்கெட் போன்ற இடங்களில் உள்ள பழைய புத்தகக் கடைக்கு வருகின்றன. அந்தக் குவியலைக் கிளறுகிற நூறு பேரில் ‘ஓமலூர்’ என்றோ ‘செவ்வாய்ப்பேட்டை’ என்றோ பார்த்ததும் கையை நிறுத்துகிறவர் யார்? நாம் போனால்தான் உண்டு. அதற்காகத்தான் இந்த வழிகாட்டி.

போவதற்கு முன், வீட்டிலேயே செய்ய வேண்டியது

பட்டியல் இல்லாமல் போனால் கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கிப் பையை நிரப்பிக்கொண்டு வருவோம். அதுவும் ஒரு இன்பம்தான், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 334 கிலோமீட்டர் ரயிலில் போகிறோம். என்ன தேடுகிறோம் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

எழுதும்போது ஒன்றை மனதில் வையுங்கள். பழைய புத்தகங்களில் ‘சேலம் ஜில்லா’ என்று இருப்பது இன்றைய சேலம் மாவட்டம் அல்ல. தருமபுரி 1965இல்தான் தனி மாவட்டமானது. நாமக்கல் பிரிந்தது 1997இல். அதற்கு முன்பு அச்சான ஒரு நூலில் சேலம் என்றால் ஓசூரும் அதில் அடங்கலாம், திருச்செங்கோடும் கொல்லிமலையும் அடங்கலாம். ஆகவே தலைப்பில் சேலம் என்று இருந்தால் நீங்கள் எதிர்பார்ப்பதைவிடப் பெரிய நிலப்பரப்பு உள்ளே இருக்கும். தலைப்பில் சேலம் என்று இல்லாத புத்தகத்திலும் நம் ஊர் ஒளிந்திருக்கும்.

என் பட்டியலில் முதலில் வருபவை அரசு வெளியீடுகள். ஹெச். லெ ஃபானு தொகுத்து 1883இல் வந்த சேலம் மாவட்ட மேனுவலும், எஃப்.ஜே. ரிச்சர்ட்ஸ் தொகுத்து 1918இல் வந்த மாவட்ட கெசட்டியரும் (இரண்டுமே மாவட்டத்தைப் பற்றிய அரசு விவரத் தொகுப்புகள்) இந்த ஊரைப் பற்றி எழுதுகிற எல்லோருக்கும் அடிப்படை. அசல் பிரதி கிடைப்பது அபூர்வம். கிடைத்தாலும் விலை கையைக் கடிக்கும். உள்ளடக்கம் மட்டும் போதும் என்றால் இரண்டையும் இணைய ஆவணக் காப்பகத்தில் (archive.org) இலவசமாகப் படிக்கலாம்.

இவற்றைவிட எளிதாகக் கையில் சிக்கக்கூடியவை மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஒட்டி வந்த மாவட்டக் கையேடுகள். தாலுகா வாரியாக, கிராமம் கிராமமாக விவரம் இருக்கும். 1961 கணக்கெடுப்பின்போது சில கிராமங்களைத் தனியாக ஆய்வு செய்தும், கோயில்களைப் பற்றித் தனித் தொகுதிகளாகவும் வெளியிட்டார்கள். வெளியே மங்கிப்போன அட்டை, உள்ளே அட்டவணை அட்டவணையாக எண்கள் என்று இருப்பதால் இவற்றை யாரும் தொடுவதில்லை. அட்டவணைகளுக்கு முன்னால் இருக்கும் கட்டுரைப் பகுதியைப் படித்துப் பாருங்கள். உங்கள் தாத்தா காலத்துச் சந்தையும் பாதையும் தொழிலும் அங்கே இருக்கும்.

அடுத்தது சினிமாப் பாட்டுப் புத்தகங்கள். டி.ஆர். சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் படங்களாக எடுத்துத் தள்ளிய இடம் நம் ஏற்காடு சாலை. இன்று அங்கே நுழைவு வளைவுதான் மிஞ்சியிருக்கிறது. ஆனால் படம் ஓடிய ஊரில் எல்லாம் தியேட்டர் வாசலில் விற்ற அந்தச் சின்னப் புத்தகங்கள் இன்னும் எங்கெங்கோ இருக்கின்றன. நடிகர் பட்டியல், கதைச் சுருக்கம், ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்ற கடைசி வரி, அப்புறம் பாட்டுகள். மாடர்ன் தியேட்டர்ஸ் பெயர் இருந்தால், அது நம் ஊரில் பிறந்த பொருள்.

அரசியல் சிறு நூல்களையும் விடாதீர்கள். நீதிக்கட்சி திராவிடர் கழகம் என்று பெயர் மாறியது 1944 ஆகஸ்டு 27ஆம் தேதி சேலம் மாநாட்டில்தான். அந்தக் காலத்து மாநாட்டுத் தீர்மானங்கள், சொற்பொழிவுகள் எல்லாம் அணா விலைக்கு மெல்லிய நூல்களாக வந்தன. இன்னொரு பக்கம் ராஜாஜி. சேலம் நகரசபைத் தலைவராக இருந்தவர், முதல்வரானதும் 1937 அக்டோபர் 1ஆம் தேதி மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்திலிருந்து அவர் நடத்திய மதுவிலக்குப் பத்திரிகை ‘விமோசனம்’. அதில் உடனிருந்து உழைத்தவர் கல்கி. அதில் ஒரு இதழ் கண்ணில் பட்டால், விலை கட்டுப்படியானால், யோசிக்காமல் எடுங்கள்.

கடைசியாக மலர்கள். கோயில் குடமுழுக்கு மலர், பள்ளி நூற்றாண்டு மலர், கல்லூரி ஆண்டு மலர், கூட்டுறவுச் சங்க வெள்ளிவிழா மலர். ஒரு ஊரின் வரலாற்றுக்கு இதைவிட நெருக்கமான அச்சுச் சான்று கிடையாது என்பது என் உறுதியான எண்ணம். கெசட்டியரை எழுதியவர் அதிகாரி. மலரை எழுதியவர் அந்தத் தெருக்காரர். அதில் வரும் கடை விளம்பரங்களை மட்டும் வரிசையாகப் படித்தாலே ஒரு காலத்துக் கடைவீதி கண்முன் வந்துவிடும். இவற்றை நூலகங்கள் முறையாகச் சேகரித்ததும் குறைவு. எனவே பட்டியலில் இதற்கு முன்னுரிமை கொடுங்கள்.

பட்டியல் தயாரானதும் ஒவ்வொரு பெயரையும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தேடிப் பாருங்கள். நாட்டுடைமை ஆக்கப்பட்ட எழுத்தாளர்களின் நூல்கள் பெரும்பாலும் அங்கே கிடைக்கும். படிக்க மட்டும் வேண்டியதை அங்கேயே படித்துக்கொண்டு, கையில் வைத்திருந்தே ஆக வேண்டும் என்பதற்காகப் பணத்தைச் சேமியுங்கள்.

எப்போது, எப்படிப் போவது

ஜூன், ஜூலை மாதங்களைத் தவிருங்கள். கல்வி ஆண்டு தொடங்கும் நேரம். கடைகளில் மாணவர்களும் பெற்றோரும் நிறைந்திருப்பார்கள், பழைய மலரைப் பற்றிப் பேசக் கடைக்காரருக்கு நேரம் இருக்காது. மழைக்காலமும் வேண்டாம், நனைந்த புத்தகத்தைச் சுமந்து வருவது வேதனை. ஜனவரி நல்ல மாதம். சென்னைப் புத்தகக் காட்சி நந்தனத்தில் நடக்கும்போது வெளியே நடைபாதையில் பழைய புத்தகங்களைப் பரப்பி விற்பார்கள். ஒரே பயணத்தில் புதியதும் பழையதும் பார்த்துவிடலாம். கூடுமானவரை வார நாளில் போங்கள்.

ரயிலைப் பொறுத்தவரை நமக்கு ஏற்காடு எக்ஸ்பிரஸ் போதும். ஈரோட்டில் கிளம்பி இரவு பத்து மணி வாக்கில் சேலம் ஜங்ஷனுக்கு வந்து, விடியற்காலையில் சென்ட்ரலில் இறக்கிவிடும். அன்று இரவே அதே பெயர் ரயிலில் திரும்பிவிடலாம். விடுதிச் செலவு இல்லை. ஆத்தூர் பக்கத்துக்காரர்கள் விருத்தாசலம் வழியாக எழும்பூர் போகும் சேலம் ரயிலைப் பிடிக்கலாம். திரும்பும்போது கீழ்ப் படுக்கையாகப் பதிவு செய்யுங்கள், புத்தகப் பையைக் காலடியில் வைத்துக்கொள்ள அதுதான் வசதி. படுக்கை வகுப்பில் ஒருவருக்கு 40 கிலோ வரை கட்டணம் இல்லாமல் கொண்டுவரலாம். நீங்கள் தூக்கக்கூடிய எடை அதற்கு முன்பே முடிந்துவிடும்.

கையில் எடுத்துக்கொள்ள: கனமான துணிப்பை இரண்டு, பெரிய பாலித்தீன் உறைகள், சிறு டார்ச் அல்லது போனின் விளக்கு, தூசு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு முகக்கவசம், பத்து இருபது ஐம்பது ரூபாய்த் தாள்கள். ஜிபே இருந்தாலும் சில்லறை இருந்தால் பேரம் சுமுகமாக முடியும். சக்கரம் வைத்த பெட்டி வேண்டாம். நெருக்கமான கடைச் சந்தில் அது எல்லோருக்கும் தொல்லை.

காலைப் பொழுது

சென்ட்ரலில் இறங்கும்போது வெளிச்சம் வந்திருக்காது. கடைகள் திறக்க இன்னும் ஐந்தாறு மணி நேரம் இருக்கிறது. காத்திருப்போர் அறையில் குளித்து, முகம் கழுவி, கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டு மெதுவாகக் கிளம்புங்கள். இந்தக் காலை நேரத்துக்கு எழும்பூர் பாந்தியன் சாலையில் இருக்கும் கன்னிமாரா நூலகத்தைச் சிபாரிசு செய்வேன். 1896இல் திறக்கப்பட்டது. நாட்டில் வெளியாகும் நூல்களின் பிரதியைச் சட்டப்படி பெறும் நூலகங்களில் ஒன்று. உங்கள் பட்டியலில் உள்ளதில் இரண்டொன்றை அங்கே நேரில் பார்த்துவிட்டால், அட்டை எப்படி இருக்கும், எத்தனை பக்கம், படமும் வரைபடமும் உண்டா என்பதெல்லாம் தெரிந்துவிடும். பிறகு கடையில் அதே புத்தகம் கிடைக்கும்போது ஏமாற மாட்டீர்கள்.

மூர் மார்க்கெட் எங்கே இருக்கிறது?

வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் குழம்புவது இங்கேதான். மூர் மார்க்கெட் என்று கேட்டால் பலர் சென்ட்ரலுக்குப் பக்கத்தில் இருக்கும் புறநகர் ரயில் நிலையத்தைக் காட்டுவார்கள். தவறில்லை. பழைய மூர் மார்க்கெட் நின்ற இடம் அதுதான். சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த சர் ஜார்ஜ் மூர் பெயரில் 1898இல் அடிக்கல் நாட்டி 1900இல் திறந்த சிவப்புக் கட்டடம். பழைய புத்தகம் என்றால் தமிழ்நாடு முழுக்க அந்தப் பெயரைத்தான் சொல்வார்கள். 1985 மே 30ஆம் தேதி தீப்பிடித்து எரிந்தது. அந்த இடம் ரயில்வேக்குப் போனது. வியாபாரிகள் பக்கத்திலேயே அல்லிக்குளம் வணிக வளாகத்துக்கு வந்தார்கள், பெயரும் அவர்களோடு வந்தது.

ஆகவே ‘அல்லிக்குளம் பழைய புத்தகக் கடை’ என்று கேளுங்கள். சென்ட்ரல் முன்வாசலிலிருந்து வலப்பக்கம் நடந்தால் புறநகர் நிலையம், விக்டோரியா பப்ளிக் ஹால், வெள்ளை வெளேரென்று ரிப்பன் மாளிகை. அவற்றுக்குப் பின்புறம், நேரு விளையாட்டரங்கத்தை ஒட்டி இருக்கிறது அல்லிக்குளம். ஆட்டோ தேவையில்லை, நடை தூரம்தான். முற்பகல் பதினொன்றுக்குப் போனால் பெரும்பாலான கடைகள் திறந்து அடுக்கி முடித்திருப்பார்கள்.

கடைக்குள்

முதலில் எதையும் வாங்காமல் ஒரு சுற்று முழுதாக நடந்து பாருங்கள். முன்வரிசையில் பொறியியல், மருத்துவம், போட்டித் தேர்வு, ஆங்கில நாவல் என்றுதான் இருக்கும். ஓடுகிற சரக்கு அதுதான். பார்த்துவிட்டு ‘இங்கே நமக்கு ஒன்றும் இல்லை’ என்று திரும்பிவிடாதீர்கள். பழையவை பின்னால், மேல் பரணில், கயிறு கட்டிய கட்டுகளில் இருக்கும். கேட்டால்தான் வெளியே வரும்.

கேட்கும் விதமும் முக்கியம். ‘பழைய புத்தகம் இருக்கா?’ என்றால் கடை முழுக்கப் பழைய புத்தகம்தானே. குறிப்பாகக் கேளுங்கள்.

“அண்ணே, சேலத்துலேர்ந்து வரேங்க. சேலம் ஜில்லா சம்பந்தமா ஏதாவது இருக்குங்களா? கோயில் மலர், ஸ்கூல் மலர், சினிமா பாட்டுப் புத்தகம், எதுவா இருந்தாலும் பரவால்ல.”

வயதானவராக இருந்தால் ஐயா, இஸ்லாமியப் பெரியவராக இருந்தால் பாய். நம் ஊர்ப் பேச்சில் இயல்பாக வரும் ‘ங்க’ அங்கே நன்றாக எடுபடும். தூரத்திலிருந்து ஒரு பொருளுக்காக வந்திருக்கிறீர்கள் என்று தெரிந்தால் கட்டைப் பிரித்துக் காட்டுவார்கள். இல்லையென்றால் போன் நம்பரைக் கொடுத்துவிட்டு வாருங்கள். என்ன வேண்டும் என்பதை வாட்ஸ்அப்பில் ஒரு வரியாக அனுப்பிவையுங்கள். சரக்கு எப்போது வரும் என்று அவருக்கே தெரியாது, வந்தவுடன் நினைவுக்கு வருகிற பெயர் உங்களுடையதாக இருக்க வேண்டும். நேரில் தேடுவதைவிட இப்படிக் கிடைக்கும் வாய்ப்புத்தான் அதிகம்.

கட்டைப் பிரித்தால் நீங்களே திரும்ப அடுக்கிக் கொடுங்கள். முதுகுப் பக்கம் தெரியாத மெல்லிய நூல்களை ஒவ்வொன்றாகப் புரட்டுங்கள். மலர்களும் பாட்டுப் புத்தகங்களும் தடித்த புத்தகங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருக்கும். பைண்டு செய்த தொகுதிகளைக் கட்டாயம் திறந்து பாருங்கள். ஆனந்த விகடன், கல்கி, குமுதம் இதழ்களில் வந்த தொடர்கதைகளை வாரா வாரம் கிழித்துச் சேர்த்து வீட்டிலேயே பைண்டு செய்யும் பழக்கம் நம் குடும்பங்களில் இருந்தது. பின்னால் வந்த புத்தகப் பதிப்பில் இல்லாத கோபுலு, மணியம் ஓவியங்கள் அதில் இருக்கும். பக்கத்து விளம்பரங்களும் இருக்கும். வெளி அட்டையில் ஒன்றும் எழுதியிருக்காது, அல்லது ஓர் அம்மாவின் பெயர் மட்டும் மசியில் எழுதியிருக்கும்.

மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்களும் இங்கே தலைகாட்டும். சோவியத் யூனியன் 1991இல் கலைந்ததோடு அந்த வரத்து நின்றுபோனது. கெட்டி அட்டை, நல்ல தாள். குழந்தைகளுக்கான படப் புத்தகங்கள் கிடைத்தால் விடாதீர்கள். சிவகாசியிலிருந்து 1972இல் வரத் தொடங்கிய முத்து காமிக்ஸ், 1984இல் வந்த லயன் காமிக்ஸ் இரண்டின் ஆரம்ப இதழ்களுக்குச் சேகரிப்பாளர் கூட்டம் பெரிது. கடைக்காரர்களுக்கும் அது தெரியும். அதில் மலிவு எதிர்பார்க்க வேண்டாம்.

ஆண்டு போடாத புத்தகத்தின் வயதைக் கண்டுபிடிப்பது

நம் தேடலில் மிகவும் பயன்படுவது இந்தத் திறமைதான். மலர்களிலும் சிறு நூல்களிலும் தலைப்புப் பக்கம் கிழிந்திருக்கும், அல்லது ஆண்டே அச்சிட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் புத்தகம் தன் வயதைப் பல இடங்களில் சொல்லிக்கொண்டிருக்கும்.

எழுத்தைப் பாருங்கள். ணை, லை, ளை, னை ஆகியவை முன்னால் துதிக்கை போட்ட பழைய வடிவிலும், ணா, றா, னா ஆகியவை சுழித்த பழைய வடிவிலும் இருந்தால், அந்த அச்சு பெரும்பாலும் 1978க்கு முந்தையது. அந்த ஆண்டுதான் தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணையிட்டது. எல்லா அச்சகங்களும் மறுநாளே மாறிவிடவில்லை, ஈய எழுத்துகளை மாற்றச் சில ஆண்டுகள் பிடித்தன. அதனால் எழுபதுகளின் கடைசி, எண்பதுகளின் தொடக்கம் என்ற எல்லையில் கொஞ்சம் தளர்வு வையுங்கள். இன்னொன்று, பழைய நூலை அப்படியே படமெடுத்து மறுபதிப்புச் செய்தாலும் பழைய எழுத்துதான் தெரியும். தாள் வெள்ளையாகவும் புதிதாகவும் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

அடுத்து விலை. அணாவில் இருந்தாலோ, ‘ரூ. 1-8-0’ என்று மூன்று எண்ணாக இருந்தாலோ அது ரூபாய், அணா, பை கணக்கு. அந்தக் கணக்கு 1957 ஏப்ரல் 1ஆம் தேதியோடு மாறியது. ‘ந.பை.’ என்று கண்டால் இன்னும் துல்லியம். நயா பைசா என்ற பெயர் 1957 முதல் 1964 வரைதான் இருந்தது. அட்டையில் விலை இல்லாவிட்டால் பின்பக்க விளம்பரத்தில் இருக்கும், அங்கேயும் தேடுங்கள்.

அப்புறம் முகவரி. அச்சகத்தின் முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் எண் இருந்தால் அது 1972 ஆகஸ்டு 15க்குப் பிந்தையது. ‘சென்னை-2’ என்பது போல ஒற்றை எண் மட்டும் இருந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தையது. ‘சென்னை ராஜதானி’ என்றால் விடுதலைக்கு முன். ‘மதராஸ் ஸ்டேட்’ என்றால் 1969க்கு முன், அந்த ஆண்டு ஜனவரியில்தான் தமிழ்நாடு என்ற பெயர் நடைமுறைக்கு வந்தது. நம் மாவட்டத்துக்கு மட்டும் உதவும் ஒரு தடயமும் உண்டு. தருமபுரியையோ ஓசூரையோ ‘சேலம் ஜில்லா’ என்று முகவரியில் போட்டிருந்தால் அது 1965க்கு முந்தைய அச்சு.

தமிழ் ஆண்டுப் பெயர் மட்டும் இருந்தால் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். அறுபது ஆண்டுச் சுழற்சி என்பதால் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும். ‘விய’ என்று இருந்தால் 1946–47 ஆக இருக்கலாம், 1886–87 ஆகவும் இருக்கலாம். தாளையும் எழுத்தையும் பார்த்து எது என்று முடிவு செய்யலாம். கலியுக ஆண்டு போட்டிருந்தால் 3101ஐக் கழியுங்கள். திருவள்ளுவர் ஆண்டு என்றால் 31ஐக் கழியுங்கள். பக்க எண்கள் க, உ, ௩ என்று தமிழ் எண்களில் இருந்தால் பழைய நூல் என்று நினைக்கலாம், ஆனால் தனித்தமிழ்ப் பற்றுள்ள பதிப்பாளர்கள் பின்னாளிலும் அப்படி அச்சிட்டிருக்கிறார்கள். எனவே அதை மட்டும் நம்ப வேண்டாம்.

ஒரே தடயத்தை வைத்து முடிவுக்கு வராமல் இரண்டு மூன்றைச் சேர்த்துப் பாருங்கள். அணா விலையும் போர்க்காலத்து மட்டமான தாளும் விய ஆண்டும் ஒன்றாக வந்தால், 1946 என்று தயங்காமல் சொல்லலாம்.

வாங்குவதற்கு முன்

பக்கங்களை எண்ணிப் பாருங்கள். மலர்களில் நடுப்பக்கப் படம் போயிருக்கும். கெசட்டியர், கணக்கெடுப்புக் கையேடு போன்றவற்றில் மடித்து வைத்த வரைபடத்தை யாராவது உருவியிருப்பார்கள். வரைபடம் இல்லாத பிரதிக்கு முழு விலை கொடுக்க வேண்டாம். பக்க ஓரத்தை மெதுவாக மடக்கிப் பாருங்கள், அப்பளம் போல் ஒடிந்தால் அந்தத் தாள் இன்னும் சில வருடங்கள்தான் தாங்கும். அப்படிப்பட்டதை வாங்கினால் அன்றே போனில் முழுவதும் படம் எடுத்துவிடுங்கள்.

ஓட்டைகளைக் கவனியுங்கள். நேராகத் துளைத்துக்கொண்டு போயிருந்தால் ராமபாணம் என்கிற புத்தகப் புழு. ஓரம் ஓரமாகச் சுரண்டியது போல் இருந்தால் வெள்ளிமீன் பூச்சி. மண் ஒட்டியிருந்தால் கரையான். பழைய சேதம் பரவாயில்லை. தட்டினால் புதிதாகப் பொடி உதிர்ந்தால் உயிருள்ள பூச்சி உள்ளே இருக்கிறது, தனி உறையில் போட்டுக்கொள்ளுங்கள்.

நூலக முத்திரை இருந்தால் நிதானியுங்கள். கழிக்கப்பட்டதற்கான அடையாளம் இருந்தால் சரி. அப்படி எதுவும் இல்லாமல் பெரிய நூலகத்தின் முத்திரை மட்டும் இருந்தால் அது திருடி வந்ததாக இருக்கலாம், நான் தொட மாட்டேன். அதே போல நடைபாதைகளில் புத்தம் புதிதாக அடுக்கியிருக்கும் பிரபல நூல்களில் பல திருட்டு அச்சு. எழுத்து மங்கல், ஓரம் கோணல், பசை வாசனை, அட்டைப் படத்தில் தெளிவின்மை, இவற்றால் கண்டுபிடிக்கலாம். பழைய புத்தகம் வாங்குவது எழுத்தாளருக்குத் தீங்கு இல்லை. திருட்டு அச்சை வாங்குவது அவர் உழைப்பில் கைவைப்பது. தயவுசெய்து வேண்டாம்.

விலையைப் பற்றி: பாடநூல் என்றால் அட்டை விலையில் பாதி என்பது பொதுவான கணக்கு. பதிப்பில் இல்லாத பழைய நூலுக்கு அப்படிக் கணக்கு கிடையாது. உங்கள் முகத்தில் தெரியும் ஆசைதான் விலையை ஏற்றும். வேண்டியதை நாலைந்து புத்தகங்களோடு சேர்த்து வைத்து, மொத்தமாகக் கேளுங்கள். “எல்லாம் சேர்த்து எவ்வளவுங்க அண்ணே?” என்றால் தனித்தனியாகக் கேட்பதைவிடக் குறையும். ஒரே ஒரு முறை குறைத்துக் கேளுங்கள், அதற்கு மேல் இழுக்காதீர்கள். எடைக்குப் போயிருக்க வேண்டிய ஒன்றை இத்தனை வருடம் காப்பாற்றி வைத்ததற்கும் அவருக்கு ஏதாவது கிடைக்க வேண்டும். பாட்டுப் புத்தகம் போன்றவற்றுக்கு எட்டாத விலை சொன்னால் வருந்த வேண்டாம். தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் அவற்றைப் பார்க்கலாம். காரைக்குடிப் பக்கம் கோட்டையூரில் தனி ஒருவராக ரோஜா முத்தையா சேர்த்து வைத்ததை அடிப்படையாகக் கொண்டு 1994இல் தொடங்கியது அந்த நூலகம்.

மாலையில் திருவல்லிக்கேணி

பிற்பகல் மூன்று மணிக்குள் அல்லிக்குளத்தை முடித்துக்கொள்ளுங்கள். வாங்கியதை சென்ட்ரலில் பொருள் பாதுகாப்பு அறையில் வைத்துவிட்டு, கை வீசிக்கொண்டு திருவல்லிக்கேணிக்குப் போகலாம். அந்த அறையில் பையைப் பூட்டியிருக்க வேண்டும் என்பார்கள், சின்னப் பூட்டு ஒன்று கொண்டுபோங்கள். சென்ட்ரலிலிருந்து மெட்ரோவில் அரசினர் தோட்டம் அடுத்த நிறுத்தம். அங்கிருந்து நடக்கலாம், அல்லது ஆட்டோ. பைகிராப்ட்ஸ் ரோடு என்று பழைய ஆட்கள் சொல்லும் பாரதி சாலையின் நடைபாதைக் கடைகள்தான் நமக்கு வேண்டும். இங்கே குவியல் சிறிது, ஆனால் தமிழ் அதிகம். இலக்கியம், பழைய வார இதழ், சிற்றிதழ் தேடுகிறவர்களுக்கு அல்லிக்குளத்தைவிட இது நல்ல இடம் என்பேன். வெளிச்சம் போவதற்குள் பார்த்து முடியுங்கள். பிறகு ரத்னா கபேயில் சாம்பாரில் மிதக்கும் இட்லியைச் சாப்பிட்டுவிட்டு, நேரம் இருந்தால் கடற்கரைக் காற்று வாங்கிக்கொண்டு சென்ட்ரலுக்குத் திரும்பினால், இரவு பதினொரு மணி வாக்கில் கிளம்பும் ஏற்காடு எக்ஸ்பிரஸுக்குச் சரியாக இருக்கும்.

மயிலாப்பூர் லஸ் முனையும் பழைய புத்தகத்துக்குப் பெயர் போன இடம்தான். ஒரே நாளில் மூன்றையும் சேர்த்தால் எதையும் ஒழுங்காகப் பார்க்க முடியாது. அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர் திரும்பியதும்

வாங்கிய புத்தகங்களை நேராக அலமாரியில் வைக்காதீர்கள். ஏற்கெனவே இருப்பவற்றுக்கும் பூச்சி பரவிவிடும். மென்மையான உலர்ந்த தூரிகையால் தூசு தட்டி, நிழலில், காற்றோட்டத்தில் இரண்டு மூன்று நாள் வையுங்கள். நம் ஊர் வெயிலில் காயப்போட்டால் தாள் பழுத்து அட்டை வளைந்துவிடும். பூச்சி இருக்கும் என்று சந்தேகமிருந்தால் பாலித்தீன் உறையில் காற்றுப் புகாமல் கட்டி, பிரிட்ஜின் ஃப்ரீசர் பகுதியில் இரண்டு மூன்று வாரம் வைத்துவிடுங்கள். வெளியே எடுத்ததும் உடனே உறையைப் பிரிக்கக் கூடாது. ஒரு நாள் அப்படியே விட்டு, குளிர் அடங்கியபின் பிரியுங்கள். இல்லாவிட்டால் தாளில் ஈரம் கோத்துவிடும். கிழிசலுக்கு செல்லோ டேப் ஒட்டவே வேண்டாம், சில வருடங்களில் பழுப்புக் கறையாக மாறிவிடும். மைதாப் பசையும் பூச்சியை அழைக்கும். பிரிந்த பக்கங்களை அப்படியே ஒரு உறையில் போட்டு வைத்தாலே போதும்.

ஏற்காட்டில் வீடு இருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 1500 மீட்டர் உயரம், மழைக்காலம் முழுக்க மூடுபனி. சுவரை ஒட்டி அலமாரி வைத்தால் ஒரே பருவத்தில் பூஞ்சணம் பிடித்துவிடும். சுவருக்கும் அலமாரிக்கும் நடுவே ஒரு கை அகலம் இடைவெளி விடுங்கள், புத்தகங்களை இறுக்கி அடுக்காதீர்கள், சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு மாதம் ஒருமுறை மாற்றுங்கள். அரிய பிரதிகளைக் கீழே சேலத்தில் உறவினர் வீட்டில் வைப்பது இன்னும் நல்லது.

கடைசி வேலை, பதிவு. எந்தக் கடையில், எந்தத் தேதியில், என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். புத்தகத்தின் மேல் எழுத வேண்டாம். மலர், சிறு நூல் எதுவாக இருந்தாலும் முதல் பக்கம், பொருளடக்கம், அச்சக விவரம் மூன்றையும் படம் எடுத்துவிடுங்கள். வேறெங்கும் பதிவாகாத ஒரு கோயில் மலரோ பள்ளி மலரோ கிடைத்தால், அந்தக் கோயிலுக்கோ பள்ளிக்கோ போய் ஒரு பிரதி எடுத்துக் கொடுங்கள். பெரும்பாலும் அவர்களிடமே அது இருக்காது.